3 மீற்றரா, 6 மீற்றரா? இங்கிலாந்து வீட்டைப் பின்னுக்கு இழுத்துக் கட்ட மூன்று வழிகள்

குசினியைப் பெரிதாக்க வேண்டும், கீழே ஒரு குளியலறையோடு அறை வேண்டும் என்று லண்டனில் வீட்டைப் பின்னுக்கு இழுத்துக் கட்ட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பிளானிங் விண்ணப்பமே இல்லாமல் ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ உரிமையில் கட்டுவது. இரண்டாவது, அயலவருக்குக் கவுன்சில் மூலம் அறிவித்து ‘பிரையர் அப்ரூவல்’ எடுப்பது. மூன்றாவது, வழக்கமான ஹவுஸ்ஹோல்டர் பிளானிங் விண்ணப்பம். பலர் கட்டணத்தையும் காத்திருக்கும் நாட்களையும் வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். ஆனால் அதுவல்ல முக்கியம். ஒவ்வொரு வழியிலும் கவுன்சில் அதிகாரி எதைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லலாம் என்பதுதான் உண்மையான வித்தியாசம். முதல் வழியில் அவர் சட்டத்தின் அளவுகளை மட்டும் பார்க்கலாம். இரண்டாவதில் பக்கத்து வீட்டார் எதிர்த்தால் மட்டும் அவர்களுடைய வெளிச்சத்தையும் வசதியையும் எடைபோடலாம். மூன்றாவதில் தோற்றம், தெருவின் அமைப்பு, கவுன்சிலின் கொள்கை எல்லாமே அவர் கையில்.

இங்கே சொல்லும் அளவுகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி விதிகள்.

முதலில் வீட்டுக்கு உரிமை இருக்கிறதா

முதல் இரண்டு வழிகளும் 2015ஆம் ஆண்டின் பெர்மிட்டட் டெவலப்மென்ட் ஆணையில் ‘கிளாஸ் ஏ’ என்ற பகுதியிலிருந்து வருபவை. அந்தப் பகுதி முழு வீடுகளுக்கு மட்டும். ஃபிளாட்டுக்கோ மெஸனெட்டுக்கோ இல்லை. தரைத்தளத்தில் தனி வாசலும் பின்வளவும் இருந்தாலும், மேல்மாடியில் வேறொருவர் குடியிருக்கும் கட்டடம் சட்டத்தின் கண்ணில் ஃபிளாட்தான். அதற்கு முழு பிளானிங் வேண்டும், லீஸ்ஹோல்ட் என்றால் ஃப்ரீஹோல்டரின் சம்மதமும் வேண்டும். கடையாகவோ அலுவலகமாகவோ இருந்து பெர்மிட்டட் டெவலப்மென்டில் வீடாக மாறிய கட்டடங்களுக்கும் பெரும்பாலும் இந்த உரிமை கிடையாது.

புதிய எஸ்டேட் வீடுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இடம் நெருக்கமாக இருந்ததால், எஸ்டேட்டுக்கு அனுமதி கொடுத்தபோதே ‘இனி இந்த வீடுகளை அனுமதியின்றி நீட்டக் கூடாது’ என்று கவுன்சில் நிபந்தனை போட்டிருக்கலாம். எஸ்டேட்டின் மூல அனுமதிக் கடிதத்தைக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் படித்தால் தெரிந்துவிடும்.

‘ஆர்ட்டிகிள் 4’ (குறிப்பிட்ட ஒரு உரிமையைக் கவுன்சில் எடுத்துவிடும் உத்தரவு) என்று கேட்டதும் பயப்படுகிறவர்கள் உண்டு. லண்டன் பரோக்கள் பலவற்றில் உள்ள ஆர்ட்டிகிள் 4 உத்தரவு, குடும்ப வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடும் வீடாக மாற்றுவதைக் கட்டுப்படுத்துவது. எக்ஸ்டென்ஷனை அது தொடாது. எக்ஸ்டென்ஷனுக்கான உரிமையை எடுத்துவிடும் உத்தரவுகளும் உண்டு, பெரும்பாலும் பழைய தோற்றம் பாதுகாக்கப்படும் கன்சர்வேஷன் ஏரியாக்களில். உத்தரவில் எந்த ‘கிளாஸ்’ எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கவலைப்படலாம்.

அடுத்தது ‘ஒரிஜினல்’ வீடு. கட்டியபோது இருந்த வடிவம், அல்லது 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய வீடானால் அன்று இருந்த வடிவம்தான் ஒரிஜினல். அளவு தொடங்குவது அந்தப் பின்சுவரிலிருந்து. முந்தைய சொந்தக்காரர் 2.5 மீற்றர் இழுத்துக் கட்டியிருந்தால், 3 மீற்றர் வரம்பில் உங்களுக்கு மிச்சம் அரை மீற்றர். இதைக் கவனிக்காமல் இருக்கும் சுவரிலிருந்து டேப் பிடிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. பிறகு சேர்த்த கண்ணாடி அறைகளும்கூட (கன்சர்வேட்டரி) வீட்டோடு இணைந்திருந்தால் கணக்கில் சேரும்.

வழி ஒன்று: விண்ணப்பம் இல்லாமல்

ஒரு மாடி எக்ஸ்டென்ஷன் என்றால் டெரஸ் (வரிசை வீடு), செமி (ஒரு பக்கம் ஒட்டிய வீடு) வீடுகளுக்கு 3 மீற்றர் ஆழம். டிடாச்ட் (தனித்து நிற்கும்) வீட்டுக்கு 4 மீற்றர். மொத்த உயரம் 4 மீற்றரைத் தாண்டக் கூடாது. எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் கட்டினால் கூரை விளிம்பின் உயரம் 3 மீற்றருக்குள் இருக்க வேண்டும். வீடு நிற்கும் நிலத்தைக் கழித்த மீதி வளவில் பாதிக்கு மேல் கட்டடம் வரக் கூடாது. தோட்டத்து ஷெட்டும் இந்தப் பாதியில் அடங்கும். வெளிப்புறப் பொருட்கள் வீட்டோடு ஒத்த தோற்றத்தில் இருக்க வேண்டும். பின்கதவுக்கு வெளியே 30 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த மேடை இதில் அடங்காது. தோட்டம் சரிந்து போகும் வீடுகளில் குசினித் தரை மட்டத்துக்கே பேட்டியோ போட ஆசைப்பட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த எண்களைத் தாளில் படிப்பது வேறு, கட்டடத்தில் உணர்வது வேறு. 3 மீற்றர் என்பது வெளிச்சுவரின் வெளிமுகம் வரை. இன்றைய வெப்பக்காப்பு விதிக்குச் சுவர் சுமார் 350 மில்லிமீற்றர் தடிப்பு வரும். ஆக உள்ளே கிடைப்பது 2.65 மீற்றர்தான். உயரமும் அப்படியே. தட்டைக் கூரை எல்லையோரம் 3 மீற்றர் என்றால், தரை வெளிநிலத்திலிருந்து 150 மில்லிமீற்றர் உயரம், மரச்சட்டமும் இன்சுலேஷனும் சேர்ந்த கூரை சுமார் 400 மில்லிமீற்றர். இரண்டையும் கழித்தால் உள்ளே சுமார் 2.45 மீற்றர் உயரம். நன்றாக இருக்கும், ஆனால் பில்டர் ‘இன்னும் ஒரு வரிசைக் கல் வைப்போம்’ என்று சொல்லும் இடத்தில் விதி உடைந்துவிடும். தட்டைக் கூரையைச் சுற்றி எழும் பாரபெட் சுவர் விளிம்பு உயரக் கணக்கில் சேராது. மொத்த உயரமான 4 மீற்றருக்குள் அது அடங்க வேண்டும். வெளிச்சத்துக்காகக் கூரைக்கு மேலே வைக்கும் கண்ணாடி லான்டெர்னும் அப்படியே.

20 சென்ரிமீற்றர் தாண்டினால் அந்த 20 சென்ரிமீற்றர் மட்டும் தப்பாகும் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியில்லை, வரம்பைத் தாண்டிய எக்ஸ்டென்ஷன் முழுதும் அனுமதி இல்லாத கட்டடமாகிவிடும்.

இரண்டு மாடி எக்ஸ்டென்ஷனுக்கும் இந்த வழியில் இடமுண்டு. 3 மீற்றர் ஆழம், எதிரே உள்ள பின் எல்லைக்கு 7 மீற்றர் இடைவெளி. ஆனால் எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் விளிம்பு 3 மீற்றர் என்ற விதி இதற்கும் பொருந்தும். லண்டன் செமி வீட்டில் மேல்மாடியை பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 2 மீற்றர் தள்ளிக் கட்டினால் கிடைப்பது ஒடுங்கிய அறை. ஆகவே நடைமுறையில் இது டிடாச்ட் வீட்டுக்காரருக்கான சலுகை. கன்சர்வேஷன் ஏரியாவில் அதுவும் இல்லை.

விண்ணப்பம் வேண்டாம் என்பதால் காகிதமே வேண்டாம் என்று முடிவு செய்வது தவறு. ‘லாஃபுல் டெவலப்மென்ட் சான்றிதழ்’ எடுத்துக்கொள்ளுங்கள். அயலவர் கருத்து, தோற்றம் எதுவும் அதில் வராது. சட்ட அளவுக்குள் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. 8 வாரத்தில் முடிவு வர வேண்டும். முழு பிளானிங் கட்டணத்தில் பாதிதான் செலவு. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் முதலில் கேட்கும் காகிதம் இது. இல்லாவிட்டால், கவுன்சில் பின்னர் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்கான இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் என்று பேச்சு வரும். யாராவது ஏற்கெனவே கவுன்சிலைத் தொடர்புகொண்டு விசாரித்திருந்தால் அந்த இன்சூரன்ஸும் பொதுவாகக் கிடைக்காது.

விக்டோரியன் டெரஸின் பிரச்சினை

ஈஸ்ட் ஹாம், வோல்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கத்துப் பழைய டெரஸ் வீடுகள் மேலிருந்து பார்த்தால் ‘எல்’ வடிவம். முன்பகுதி அகலம், பின்னால் ஒடுங்கிய குசினிப் பகுதி, அதன் ஓரத்தில் ஒரு ஒழுங்கை. அந்த ஒழுங்கையை மூடி, குசினியைப் பின்னுக்கும் இழுத்து, வீட்டின் முழு அகலத்துக்கும் ஒரே அறையாக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒடுங்கிய பகுதியின் பக்கச் சுவரும் சட்டத்தில் ‘பக்கச் சுவர்’. அதைத் தாண்டும் எக்ஸ்டென்ஷன் ஒரிஜினல் வீட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒழுங்கையை மட்டும் மூடினால் பாதிக்குள் அடங்கும், ஆனால் ஆழத்தை முன்பகுதியின் பின்சுவரிலிருந்து 3 மீற்றர் என்று எண்ண வேண்டும். குசினியின் முடிவு வரை போக முடியாமல் போகலாம். இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினால் அகலம் பாதியைத் தாண்டிவிடும். பிரையர் அப்ரூவல் ஆழத்தைத்தான் கூட்டித் தரும், இந்த அகல விதியைத் தளர்த்தாது. எனவே சுற்றிக் கட்டும் எந்த வரைபடத்துக்கும் முழு பிளானிங்தான்.

ஹரோ, வெம்பிளி, கிங்ஸ்பரி போன்ற இடங்களின் 1930கள் காலத்துச் செமி வீடுகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். பக்கத்திலிருக்கும் கராஜை இடித்து, அந்த அகலத்தையும் பின் எக்ஸ்டென்ஷனையும் ஒன்றாக இணைத்தால் அதுவும் பாதி அகலத்தைத் தாண்டிய ஒரே கட்டடம்.

வழி இரண்டு: பிரையர் அப்ரூவல்

2013 மேயில் தற்காலிகமாக வந்து 2019 மேயில் நிரந்தரமான விதி இது. டெரஸ், செமி வீடுகளுக்கு 6 மீற்றர், டிடாச்ட் வீட்டுக்கு 8 மீற்றர் வரை ஒரு மாடி கட்டலாம். உயரம், விளிம்பு, பாதி வளவு ஆகிய மற்ற வரம்புகள் முன்பு சொன்னபடியே. கன்சர்வேஷன் ஏரியா, நேஷனல் பார்க் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் இந்த வழி அடைபட்டிருக்கும்.

கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரிஜினல் பின்சுவரிலிருந்து எவ்வளவு ஆழம், அதிகபட்ச உயரம் எவ்வளவு, விளிம்பு உயரம் எவ்வளவு என்ற விவரம். இடத்தையும் கட்டடத்தையும் காட்டும் வரைபடம். எல்லையைத் தொடும் எல்லா வீடுகளின் முகவரி, பின்னால் முதுகுக்கு முதுகாக இருக்கும் வீட்டையும் சேர்த்து. உங்கள் தொடர்பு விவரம். கவுன்சில் அந்த வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி, எதிர்ப்புச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்கும். எல்லையைத் தொடும் வீட்டார் யாரும் எதிர்க்காவிட்டால், அயலவரின் வசதியைக் கவுன்சில் எடைபோட முடியாது. 42 நாளுக்குள் முடிவு வராவிட்டால் கட்டத் தொடங்கலாம். நான்கு வீடு தள்ளி இருப்பவர் எழுதும் எதிர்ப்பு எண்ணிக்கையில் வராது.

இந்த விதியின் விசித்திரம் இங்கேதான். முழு பிளானிங்கில் 6 மீற்றர் கேட்டால், எல்லையோரச் சுவர் பக்கத்து ஜன்னலை மறைக்கிறது என்று கவுன்சில் தன் வழிகாட்டியைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். அதே 6 மீற்றர் பிரையர் அப்ரூவலில், பக்கத்து வீட்டார் சும்மா இருந்தால் போய்விடும். ஆழம் மட்டும் வேண்டும், வடிவம் எளிது என்றால், முழு பிளானிங்கை முதலில் கேட்பது நமக்கே எதிரான தேர்வு.

பக்கத்து வீட்டார் எதிர்த்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. அதிகாரி அப்போது அவர்களுக்கு வரும் பாதிப்பைப் பார்ப்பார், தோற்றத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்து வீடு ஏற்கெனவே 3 அல்லது 4 மீற்றர் நீண்டிருந்தால் உங்கள் 6 மீற்றரில் அவர்களைத் தாண்டி நிற்பது கொஞ்சம்தான், பாதிப்பும் குறைவு. நீளாத வீட்டின் குசினி ஜன்னலை ஒட்டி 3 மீற்றர் உயரச் சுவர் 6 மீற்றர் ஓடினால் மறுப்பு வரலாம். 4.5 மீற்றராகக் குறைப்பது, அல்லது எல்லையோரம் விளிம்பை 2.5 மீற்றருக்கு இறக்கி உள்பக்கமாகச் சரிவுக் கூரை வைப்பது பல இடங்களில் பலன் தரும். கடிதம் கவுன்சிலிடமிருந்து போகும் முன் வரைபடத்தோடு போய்க் கதவைத் தட்டுவது நல்லது. பக்கத்து வீட்டாருக்கும் கட்டும் எண்ணம் இருந்தால் இரு வீடும் ஒன்றாக விண்ணப்பித்து, நடுச்சுவரையும் அத்திவாரத்தையும் ஒரே மூச்சில் முடிக்கலாம்.

இந்த வழியில் திருத்த முடியாத தவறு ஒன்று உண்டு: அனுமதி வரும் முன் தோண்டத் தொடங்குவது. பிரையர் அப்ரூவலைக் கட்டத் தொடங்கிய பிறகு பெற முடியாது. பக்கத்து வீட்டார் எழுத்தில் சம்மதம் தந்திருந்தாலும் பயனில்லை. அதன்பின் முழு பிளானிங் மட்டுமே மிச்சம். ‘முதலில் 3 மீற்றர் கட்டுவோம், பிறகு இன்னொரு 3’ என்ற யோசனையும் ஓடாது. பழையதோடு இணையும் புதியதைச் சேர்த்து மொத்தமாகத்தான் அளப்பார்கள்.

பிரையர் அப்ரூவல் கிடைத்ததால் மற்ற வரம்புகள் எல்லாம் சரி என்று கவுன்சில் உறுதி சொன்னதாகாது. இதற்கும் மேலே லாஃபுல் சான்றிதழ் ஒன்று எடுப்பது வீண் செலவு இல்லை.

வழி மூன்று: முழு பிளானிங்

இரண்டு மாடி, சுற்றிக் கட்டும் வடிவம், 3 மீற்றரை மீறும் விளிம்பு, ஃபிளாட், கன்சர்வேஷன் ஏரியாவின் ஆழமான கட்டடம் என்று பட்டியல் இங்கே வந்து சேரும். 1:1250 அளவில் இடத்தின் வரைபடம், 1:500 அல்லது 1:200இல் வளவின் வரைபடம், இப்போதுள்ளதும் கட்டப்போவதுமான தரைப்படமும் முகப்புப் படங்களும் 1:50 அல்லது 1:100இல். கூடவே உரிமைச் சான்று. அத்திவாரமோ தண்ணீர்ப் பீலியோ அயலவர் நிலத்துக்குள் ஒரு விரலளவு போனாலும், ‘நிலம் முழுதும் என்னுடையது’ என்ற ‘ஏ’ சான்று பொருந்தாது. அயலவருக்கு நோட்டீஸ் கொடுத்து ‘பி’ சான்று போட வேண்டும். தவறான சான்றோடு கிடைத்த அனுமதியை எதிர்க்கும் அயலவர் சவாலுக்கு உட்படுத்தலாம்.

முடிவுக்கு 8 வாரம். அதிகாரிகள் முதலில் வைத்துப் பார்ப்பது 45 பாகைக் கோடு. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து 45 பாகையில் கோடு இழுத்து, உங்கள் சுவர் அதை வெட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஜன்னலின் நடுவிலிருந்தா விளிம்பிலிருந்தா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். உங்கள் பரோவின் வீட்டு எக்ஸ்டென்ஷன் வழிகாட்டியைப் படித்துவிட்டு வரைபவரிடம் போங்கள். மறுத்தால் 12 வாரத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்யலாம், இதற்குக் கட்டணம் இல்லை. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை ஒருமுறை இலவசமாகத் திருப்பிப் போடும் வசதி முன்பு இருந்தது. 2023 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். அதனால் அதிகாரி குறை சொல்லும்போதே வரைபடத்தைத் திருத்திக் கொடுப்பது மறுப்பு வாங்குவதைவிட மேல்.

கட்டணத்தை இங்கே சொல்லிவிடலாம். 2025 ஏப்ரலில் முழு விண்ணப்பத்துக்கு 528 பவுண், பிரையர் அப்ரூவலுக்கு 240, லாஃபுல் சான்றிதழுக்கு 264 என்று வைத்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் பணவீக்கத்தோடு இது கூடும். இணையத்தில் போட்டால் சேவைக் கட்டணம் தனி.

சிக்கலான வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. முதலில் எளிய 6 மீற்றர் பெட்டிக்குப் பிரையர் அப்ரூவல் எடுப்பது. பிறகு விரும்பிய வடிவத்தை முழு பிளானிங்கில் கேட்டு, ‘இதை மறுத்தால் கையில் இருப்பதைக் கட்டுவேன், அதைவிட இது அயலவருக்கு நல்லது’ என்று எழுதுவது. கட்டும் வாய்ப்பு உண்மையானது என்று தெரிந்தால் கவுன்சில் அந்த வாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கீழே 6 மீற்றர் பிரையர் அப்ரூவலிலும் மேலே ஒரு அறை முழு பிளானிங்கிலும் எடுத்து ஒன்றாகக் கட்டலாமே என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஒரே நேரத்தில் எழும்பும் இரண்டு மாடியை ஒரே கட்டடமாகப் பார்ப்பார்கள், ஒரு மாடிக்கான உரிமை அங்கே பொருந்தாது. இரண்டையும் ஒரே முழு விண்ணப்பத்தில் கேளுங்கள்.

அனுமதி இல்லாமல் விட்டால்

‘நாலு வருஷம் யாரும் கேட்காவிட்டால் சரி’ என்ற பழைய கணக்கு இன்னும் வாய்வழியாக ஓடுகிறது. 2024 ஏப்ரல் 25 முதல் அது 10 ஆண்டு. அந்தத் தேதிக்கு முன் பெரும்பாலும் முடிந்த கட்டடத்துக்கு மட்டும் 4 ஆண்டு.

எந்த வழியில் போனாலும்

பிளானிங் கிடைப்பது பாதிதான். பில்டிங் ரெகுலேஷன் தனிச் சட்டம், அதற்கு விலக்கு இல்லை. சுவருக்கும் தரைக்கும் 0.18, கூரைக்கு 0.15, ஜன்னலுக்கு 1.4 என்ற வெப்ப இழப்பு அளவுகளை (யூ-வேல்யூ, குறைவாக இருந்தால் நல்லது) எட்ட வேண்டும். பின்சுவர் முழுதும் கண்ணாடிக் கதவு, மேலே லான்டெர்ன் என்றால், புதிய தரைப்பரப்பில் 25 சதவீதத்தோடு நீங்கள் மூடும் பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பைக் கூட்டி, அதற்குள் கண்ணாடி அடங்குகிறதா என்று பாருங்கள். தாண்டினால் வெப்ப இழப்புக் கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும். லண்டன் களிமண்ணில் அத்திவாரம் 1 மீற்றராவது போகும், பெரிய மரம் அருகில் இருந்தால் இன்னும் ஆழம்.

6 மீற்றர் எடுப்பதா என்பதை முடிவு செய்யும் முன் பின்வளவின் மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். 1930களின் செமி வரிசைகளில் பல வீட்டுக் கழிவுக்குழாய் ஒன்றாகிப் பின்வளவுகளைக் குறுக்கே கடக்கும். இப்படிப் பகிரப்படும் குழாய்கள் 2011 அக்டோபரில் தண்ணீர் கம்பனிகளின் பொதுக் குழாயாகிவிட்டன. அதன்மேலோ 3 மீற்றருக்குள்ளோ கட்டத் தேம்ஸ் வோட்டரின் சம்மதம் வேண்டும், மேன்ஹோலை அறைக்குள் அடைக்க விடமாட்டார்கள். 4 மீற்றரில் நின்றால் தப்பும் மேன்ஹோல் 6 மீற்றரில் குழாயையே மாற்றும் செலவாக மாறும்.

அயலவரோடு பகிரும் சுவரையும் எல்லையோர வேலையையும் பற்றிய பார்ட்டி வோல் சட்டமும் சேர்ந்தே ஓடும். எல்லைக் கோட்டில் புதுச் சுவருக்கும், அயலவர் கட்டடத்துக்கு 3 மீற்றருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதற்கும் ஒரு மாத நோட்டீஸ். பொதுச் சுவரில் கைவைக்க இரண்டு மாதம். தோண்டுவதற்கோ பொதுச் சுவருக்கோ கொடுத்த நோட்டீஸுக்கு 14 நாளில் பதில் வராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொண்டு சர்வேயர்களிடம் போகும். பிரையர் அப்ரூவலின் 42 நாளும் இந்த நோட்டீஸும் ஒரே நாளில் தொடங்கலாம். ஒன்று முடியும்வரை மற்றதைத் தள்ளி வைப்பவர்கள் கோடை காலத்தை இழக்கிறார்கள். ஆனால் நோட்டீஸை நட்பாக நேரில் கொடுங்கள். பிரையர் அப்ரூவல் கடிதமும் பார்ட்டி வோல் நோட்டீஸும் ஒரே வாரத்தில் தபாலில் வந்து விழுந்தால், எதிர்க்கும் எண்ணமே இல்லாதவருக்கும் அது வந்துவிடும்.

பிரையர் அப்ரூவலில் கட்டியவர்கள் கட்டி முடிந்ததும் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்: உங்கள் பெயர், வீட்டு முகவரி, முடிந்த தேதி. ஒரு மின்னஞ்சல் போதும். அதன் பிரதியைப் பில்டிங் கன்ட்ரோல் தரும் கம்ப்ளீஷன் சான்றிதழோடு ஒரே கோப்பில் வையுங்கள்.